அடுத்த விமானம் வரும்வரை: காரைக்குடி மேசையில் மூன்று ஏ320

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வெளியானது. அதற்கு வெளி நிறுவனங்கள் செய்து விற்கும் ஆட்-ஆன் விமானங்களில், எல்லாரும் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த பிஎம்டிஜி 737-700, ஃபெனிக்ஸ் ஏ320 இரண்டும் வந்து சேர 2022 மே ஆகிவிட்டது. பிஎம்டிஜி 777-300இஆர் இன்னும் இரண்டு வருஷம் இழுத்து, 2024 ஜூனில்தான் கைக்கு வந்தது. அடுத்து வரப்போவது எந்த விமானமாக இருந்தாலும் நடைமுறை இதேதான். முதலில் காக்பிட் படம் நாலு வரும். பிறகு எஞ்சின் சத்தத்தோடு ஒரு வீடியோ. பிறகு "தயாரானதும் வரும்" என்று ஒரு வாசகம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் பேச்சு மூச்சு இருக்காது. அந்த இடைவெளியில் காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கம் வீட்டில் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: புதுசுக்காகக் காசை முடிந்து வைத்திருப்பதா, இருப்பதை வாங்கிவிடுவதா?

இருப்பதை ஓட்டுங்கள். எதை என்பதைக் கிராஃபிக்ஸ் கார்டு பாதிதான் தீர்மானிக்கும். மீதியை உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தீர்மானிக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மூன்று ஏ320. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கான ஃபெனிக்ஸ், அதே சிமுலேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைபைவயர், எக்ஸ்-பிளேன் 12 என்ற வேறொரு சிமுலேட்டருக்கான டோலிஸ். ஏ320-ஐ எடுத்ததற்குக் காரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஏர்ஏசியா ஓட்டுவது ஏ320, அதில் இருப்பது சிஎஃப்எம்56-5பி எஞ்சின். ஃபெனிக்ஸ் முதலில் தந்த எஞ்சினும் அதுவே. தூரம் சுமார் 1,450 நாட்டிகல் மைல், நாலு மணி நேரம், நிறைய ஆட்களோடு போனால் ஏறத்தாழ 13 டன் எரிபொருள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாட்கணக்கில் போன பினாங்குக் கடல்தான் கீழே ஓடும். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் இந்த வழித்தடத்தை விடமாட்டார்கள்.

நிறுவனங்கள் வெளியிடும் படத்தைப் பார்த்து விமானத்தை எடைபோட வேண்டாம். தேய்ந்த சுவிட்ச், கீறல் விழுந்த பெடல், கசங்கிய சீட் துணி எல்லாம் இன்று இருபது டாலர் விமானத்திலும் வந்துவிட்டது. உண்மைத்தன்மை தெரிவது, விமானத்தை ஒழுங்காக ஓட்டாதபோது.

முதல் சோதனை பேட்டரி. எல்லாம் அணைந்த நிலையில் மேல் பேனலில் இரண்டு பேட்டரியின் வோல்ட்டையும் பாருங்கள். 25.5-க்குக் கீழே இருந்தால் நிஜத்தில் வெளி மின்சாரத்தைக் கொடுத்து இருபது நிமிஷம் ஏற்ற வேண்டும். அதற்கு மேலே இருந்தால், வெளி மின்சாரம் கொடுக்காமல் பேட்டரியை மட்டும் போட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள். எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே நின்றால், அந்த ஆட்-ஆனில் மின் அமைப்பு என்று ஒன்று இல்லை, விளக்கு எரிவதும் அணைவதும்தான் இருக்கிறது. ஃபெனிக்ஸ், ஃப்ளைபைவயர் இரண்டிலும் எண் இறங்கும்.

அடுத்தது எஞ்சின் ஸ்டார்ட். இரண்டாம் எஞ்சினை முதலில் போடுவது வழக்கம். பார்க்கிங் பிரேக்குக்கு அழுத்தம் தரும் மஞ்சள் ஹைட்ராலிக்கை ஓட்டுவது அந்த எஞ்சின் என்பதால் வந்த பழக்கம். சிஎஃப்எம் எஞ்சினில் என்2, அதாவது உள்தண்டின் சுழற்சி, சுமார் 16 சதவீதத்தில் பற்றவைப்பு, 22-இல் எரிபொருள், 50-இல் ஸ்டார்ட் வால்வ் மூடுதல். ஐடிலில், அதாவது சும்மா ஓடும் வேகத்தில் நின்றதும் விமானிகள் சொல்கிற இரண்டு-நாலு-ஆறு-மூன்று வர வேண்டும்: முன்விசிறியின் சுழற்சியான என்1 இருபது, வெப்பம் நானூறு, என்2 அறுபது, எரிபொருள் மணிக்கு முந்நூறு கிலோ. இதில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். வெப்பம் ஒரு நேர்கோட்டில் ஏறி அப்படியே நின்றால் அது படம் வரைந்த எஞ்சின். நிஜத்தில் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கி அமரும். ஃபெனிக்ஸ் பின்னால் சேர்த்த ஐஏஇ வி2500 எஞ்சினில் முதன்மை அளவே வேறு, அங்கே என்1-க்குப் பதில் இபிஆர், அதாவது எஞ்சின் அழுத்த விகிதம். ஸ்டார்ட் ஆவதும் நிதானமாக. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் மாடலில் எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது என்று தெரியும்.

அடுத்ததாக மற்ற எஞ்சினைப் போடும்போது தரைக்கு அடியிலிருந்து நாய் குரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது பிடியு. பச்சை, மஞ்சள் ஹைட்ராலிக்குகளுக்கு நடுவே அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐ ஆனால் வேலை செய்யும் மாற்றி. முதலில் போடும் எஞ்சின் ஸ்டார்ட்டின்போது அதைத் தடுத்து வைத்திருப்பார்கள், அடுத்ததன்போது அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். முதலில் போட்ட எஞ்சினுக்கே குரைத்தால் தவறு. குரைக்கவே இல்லையென்றாலும் தவறு. ராத்திரி ஸ்பீக்கரில் வைத்து ஓட்டினால் தெருநாயும் பதில் சொல்லும், ஹெட்ஃபோன் நல்லது.

மேலே போனதும் செய்ய வேண்டியது, ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுச் சைடுஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து 45 பாகை வரை உருட்டுவது. கையை எடுங்கள். நார்மல் லாவில், அதாவது கம்ப்யூட்டர் முழுப் பாதுகாப்பு தரும் வழக்கமான கட்டுப்பாட்டு முறையில், இருக்கும் ஏர்பஸ் தானாக 33 பாகைக்குத் திரும்ப வேண்டும். கையை எடுக்காமல் முழுக்கச் சாய்த்தால் 67-இல் நின்றுவிட வேண்டும். பிறகு மேல் பேனலில் வேகம், உயரம் கணக்கிடும் ஏர்டேட்டா கம்ப்யூட்டர் ஒன்றையும் மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஆட்டோபைலட் போகும், பாதுகாப்பு குறைந்த ஆல்டர்னேட் லா வரும், விமானியின் முதன்மைத் திரையான பிஎஃப்டியில் பச்சைக் கோடுகள் இருந்த இடத்தில் மஞ்சள் பெருக்கல் குறி வரும். அந்த நிலையில் சக்கரத்தை இறக்கினால் ஸ்டிக்கின் அசைவு அப்படியே போகும் டைரக்ட் லா, "யூஸ் மேன் பிட்ச் டிரிம்" என்ற எழுத்து. இனி டிரிம் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இறங்க வேண்டும். மூன்றும் இதைச் செய்கின்றன. வரப்போகும் விமானத்தின் வீடியோவில் இந்தக் காட்சி இல்லையென்றால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னும் ஒரு படி கடுமையான சோதனை, பறக்கும்போது இரண்டு ஜெனரேட்டரையும் அணைப்பது. வாலில் இருக்கும் துணை எஞ்சினான ஏபியு ஓடக் கூடாது. ராட் என்ற சின்னக் காற்றாடி வயிற்றிலிருந்து வெளியே விழுந்து நீல ஹைட்ராலிக்கை ஓட்டும், அது அவசர ஜெனரேட்டரை ஓட்டும். நடுவில் சில நொடி இருட்டு, பிறகு கேப்டன் பக்கத்துத் திரைகளும் எஞ்சின் அளவும் எச்சரிக்கையும் காட்டும் மேல் ஈகாம் திரையும் மட்டும் உயிர்பெறும். துணை விமானி பக்கம் கறுப்பாகவே கிடக்கும். மலிவான விமானங்களில் அத்தனை திரையும் ஒன்றாக அணையும், ஒன்றாக எரியும்.

கடைசிச் சோதனை தரை தொடும் நேரத்தில். 50 அடியில் ஏர்பஸ் அப்போதைய மூக்குக் கோணத்தை மனதில் வாங்கிக்கொள்ளும். 30 அடியிலிருந்து எட்டு நொடியில் மூக்கை மெல்லக் கீழே, மைனஸ் இரண்டு பாகையை நோக்கித் தள்ள ஆரம்பிக்கும், விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துத்தான் ஆக வேண்டும் என்பதற்காக. ஒரு தரம் ஸ்டிக்கைத் தொடாமலே விட்டுப் பாருங்கள். மூக்கு குனிந்தால் அது ஏர்பஸ். அப்படியே மிதந்து பஞ்சு மாதிரி உட்கார்ந்தால் செஸ்னா என்ற குட்டி விமானத்துக்கு ஏ320 சட்டை போட்டிருக்கிறார்கள்.

இனி மூன்றையும் தனித்தனியாக.

ஃபெனிக்ஸ் இப்போதும் அளவுகோல் என்பது என் தீர்ப்பு. அதன் அமைப்புகள் புரோசிம் என்ற பயிற்சிக்கூட மென்பொருளை அடிப்படையாகக் கொண்டவை, சிமுலேட்டருக்கு வெளியே தனிச் செயலியாக ஓடுகின்றன. சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால் அதற்குரிய கருவி சாகும். காக்பிட் டேப்லட்டில், பறத்தல் திட்டம் போட்டுத் தரும் சிம்பிரீஃப் தளத்தின் எண்ணைப் போட்டுவிட்டால் எடை, எரிபொருள், வழித்தடம் எல்லாம் வந்து விழும், வழிகாட்டும் கம்ப்யூட்டரின் விசைப்பலகையான எம்சிடியுவில் இனிட் ரிக்வெஸ்ட்டை அழுத்தினால் போதும். புறப்பாட்டுக் கணக்கும் அதே டேப்லட்டில். திருச்சிக்கு இது முக்கியம். ஓடுதளம் 8,136 அடி, சித்திரை வைகாசியில் மதியம் 38, 40 டிகிரி. எஞ்சின் சக்தியைக் குறைத்துப் புறப்படப் போடும் ஃப்ளெக்ஸ் வெப்பநிலை வெளி வெப்பநிலையைவிட மேலே இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முழுச் சக்தியான டோகாதான். "எப்போதும் 55 போடுவேன்" என்கிற பழக்கம் முழு எடையில் இங்கே உதவாது. 2018 அக்டோபரில் இதே ஓடுதளத்தின் முனையில் ஒரு 737 ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் தட்டிவிட்டுப் போன சம்பவம் ஞாபகம் இருக்கட்டும்.

ஃபெனிக்ஸின் தனிச் செயலிதான் அதன் பலவீனமும். காக்பிட் வந்து திரைகள் கறுப்பாகவே இருந்தால் பத்தில் ஒன்பது தரம் அந்தச் செயலி ஓடவில்லை, அல்லது ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். நிறுவிய ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். திரைகளை வரையும் வேலையை பிராசஸர் செய்வதா கிராஃபிக்ஸ் கார்டு செய்வதா என்றும் அதன் அமைப்பில் தேர்வு உண்டு. 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் இரண்டையும் மாற்றிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கார்டின் நினைவகம் நிரம்பி வழிந்தால் திரும்பும்போது படம் திக்கித் திணறும். அப்போது குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் தரத்தை. நிழலையும் மேகத்தையும் குறைத்துப் புண்ணியமில்லை.

ஃப்ளைபைவயருக்குக் காசு கிடையாது, மூலநிரலே திறந்து கிடக்கிறது. இது ஏ320-இன் புதிய வகையான நியோ, லீப் எஞ்சின். தன் நிறுவி வழியாக வரும், நிலைப் பதிப்பு, வளர்ச்சிப் பதிப்பு என்று இரண்டு உண்டு. வளர்ச்சிப் பதிப்பில் புது வசதி முதலில் வரும், கூடவே புதுப் பூச்சியும் வரும். முதல் தரம் ஏர்பஸ் படிக்கிறவர்கள் நிலைப் பதிப்பையே எடுக்கலாம். காக்பிட் அழகில் ஃபெனிக்ஸுக்கு ஒரு படி கீழே, சத்தத்தில் இரண்டு படி கீழே. பறக்கும் தர்க்கத்தில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. புது விமானத்துக்காகப் பணத்தை எடுத்து வைத்திருப்பவர்கள் காத்திருக்கும் காலத்துக்கு இதை ஓட்டினால் ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. மேலே சொன்ன சோதனைகளைப் பழகவும் இதுவே போதும்.

டோலிஸ் ஏ320நியோ கண்ணுக்குச் சற்று சாதாரணம். எக்ஸ்-பிளேனில் தரைக்காட்சியும் சாதாரணம், காரைக்குடிக்கு மேல் பறந்தால் கண்மாய் தெரியும், கானாடுகாத்தான் வீதி தெரியாது. ஆனால் லீப், பிராட் அண்ட் விட்னி என்று இரண்டு எஞ்சினும் உண்டு, இண்டிகோ ரசிகர்களுக்கு வசதி. அதைவிடப் பெரிய விஷயம், பறந்துகொண்டிருக்கும்போதே சில நிமிஷத்துக்கு ஒரு தரம் முழு நிலையையும் தானாகச் சேமிக்கும். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தால், வங்காள விரிகுடாவுக்கு நடுவில் அதே உயரத்தில், அதே வழித்தடத்தோடு, எம்சிடியுவில் நீங்கள் போட்டது போட்டபடி தொடரலாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் சொந்தச் சேமிப்பு, வெளியே ஓடும் சிக்கலான அமைப்புகளை அந்த அளவுக்குத் திரும்பக் கொண்டுவராது. நாலு மணி நேரப் பயணத்தில் மூன்றாவது மணியில் கரண்ட் போகிற ஊரில் இந்த ஒரு வசதிக்கே விலை கொடுக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால்: கடையில் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். 170 வாட் இழுக்கும் ஒரு ஆர்டிஎக்ஸ் 3060, பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையை ஒட்டிவிடும். மின்சாரம் போன நொடியில் யுபிஎஸ் அலறிக்கொண்டே தானும் அணையும். 1,100 விஏ வாங்குங்கள், சில நிமிஷம் கிடைக்கும், ஒழுங்காக மூட அது போதும். வீட்டு இன்வெர்ட்டரையே நம்புவதாக இருந்தால் அது சைன்வேவ் வகையா என்று பார்த்து, பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இணையம் இரண்டாவது தடை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 காட்சிகளைப் பறக்கும்போதே இறக்குகிறது. குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், பரிந்துரை 50. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ரவுட்டர் முகப்பில் இருக்கும், கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டில் இருக்கும். நடுவில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர். வைஃபை வளவைத் தாண்டும்போதே மூச்சு வாங்கும். பூஸ்டர் வாங்கி அடுக்குவதைவிட ஒரு கேட்6 கேபிளை உத்தரத்தை ஒட்டி இழுத்துவிடுவது மலிவு. சுவரில் துளை போட வேண்டாம், பழைய பூச்சு பெயர்ந்தால் சரிசெய்ய ஆள் கிடைக்காது. அதே சுவர் வெயில் காலத்தில் அறையைக் குளிர்ச்சியாக வைப்பதும் உண்மை. தரைமட்டத்தில் கேபினெட்டை வைத்தால் செம்மண் தூசி முன்விசிறியை மூடிவிடும், ஒரு முழ உயரமாவது தூக்கி வையுங்கள்.

கன்ட்ரோலில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எஞ்சின் சக்தி நெம்புகோலான திராட்டில் விஷயத்தில். த்ரஸ்ட்மாஸ்டரின் ஏர்பஸ் குவாட்ரன்ட்டில் ஐடில், கிளைம்ப், ஃப்ளெக்ஸ், டோகா என்று பள்ளங்கள் உண்டு. விமானத்தின் டேப்லட்டில் அவற்றைப் பதியாமல் பறந்தால், ஏறும்போது பிஎஃப்டியின் மேல்வரியான எஃப்எம்ஏவில் "எல்விஆர் சிஎல்பி" மினுக்கிக்கொண்டே இருக்கும், ஆட்டோ த்ரஸ்ட் வேலையை எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருபுறமும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பதியுங்கள், பழைய குவாட்ரன்ட்டில் எண் நடுங்கும். அதையும் செய்து பிரச்சினை தீரவில்லையென்றால் ஜாய்ஸ்டிக்கின் ஸ்லைடருக்கும் சிமுலேட்டர் தானாகவே திராட்டிலைக் கட்டியிருக்கும். இரண்டு கை ஒரு மாட்டைப் பிடித்து இழுக்கிற கதை. ஒன்றை அழியுங்கள்.

எம்சிடியு "நாட் இன் டேட்டா பேஸ்" என்றால் விமானத்தில் பிழை தேட வேண்டாம். வழிசெலுத்தல் தரவு 28 நாளுக்கு ஒரு தரம் மாறும். சிம்பிரீஃப் இலவசக் கணக்கில் கிடைப்பது பழைய சுழற்சி, விமானத்தில் இருப்பது வேறு சுழற்சி. அந்தத் தரவைத் தரும் நேவிகிராஃப் சந்தா எடுத்தால் இரண்டும் ஒன்றாகும். எடுக்காவிட்டால் அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நேராகப் போங்கள்.

விலைக்கு வருவோம். ஃபெனிக்ஸ் வெளியானபோது வரி நீங்கலாக 49.99 பவுண்டு. வரியும் வங்கியின் அந்நியச் செலாவணிக் கழிவும் சேர்ந்தால் ஆறாயிரம் ரூபாயைத் தாண்டும். புது டெபிட் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பணம் செலுத்தல் மூடியே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, உச்சவரம்பு வைத்து, வாங்கியதும் மறுபடி மூடிவிடுங்கள். விற்பனை நிறுவனத்தின் பணம் திரும்பத் தரும் விதியை முதலில் படியுங்கள், இறக்கிய மென்பொருளுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது. முதல் நாள் வாங்குவதில் என்ன அவசரம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. 2024 நவம்பர் 19 அன்று அந்த 2024 சிமுலேட்டரே வெளியாகி, சர்வர் திணறி, உலகம் முழுக்க ஆட்கள் ஏற்றத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு திருத்தப் பதிப்பு வரட்டும்.

ஏ320-ஐ விட்டுவிட்டு நம்மூர் விமானம் வேண்டும் என்பவர்களுக்கு ஏடிஆர் 72-600 இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பர்ட் வரிசையில் 2023-இல் வந்தது. சென்னை–தூத்துக்குடி, சென்னை–சேலம் ஓடுகிற வகை. ஆட்டோ த்ரஸ்ட் கிடையாது, ஏபியுவும் கிடையாது. வலது எஞ்சினின் புரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுக்கும் ஹோட்டல் முறை, பின்காற்று 10 நாட்ஸுக்கு மேல் இருந்தால் அதுவும் கூடாது. போர்க்காலத்துச் செட்டிநாடு ஓடுதளம் என்றைக்காவது உயிர்பெற்றால் அங்கே வந்து நிற்கப்போவது இந்த ரகம்தான்.

புது விமானம் வந்து, வாங்கியும் ஆயிற்று என்றால் முதல் பறத்தலுக்குக் கோலாலம்பூர் வேண்டாம். ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலி செய்து இந்த ஒன்றை மட்டும் போட்டு, திருச்சியிலிருந்து கொழும்பு போங்கள். சுமார் 226 நாட்டிகல் மைல், முக்கால் மணி நேரம். ஏறி முடிப்பதற்குள் இறங்கும் கணக்கு ஆரம்பித்துவிடும், எம்சிடியுவின் இறக்கக் கணிப்பு சரியா என்று அங்கேயே தெரியும். ஏ320 என்றால் ஃப்ளாப் ஒன்றுக்கு 230, முழுதுக்கு 177 நாட்ஸ் என்ற வேக எல்லையை மீறாமல் அது உங்களை இறக்கிவிட்டால், திரும்பும் வழியில் திருச்சி ஓடுதளம் 27-க்கு, ரேடியோ அலை வழிகாட்டும் ஐஎல்எஸ்ஸில் வாருங்கள். நின்றதும் பிரேக் வெப்பத்தைப் பாருங்கள். 300 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆறும்வரை மறுபடி புறப்படக் கூடாது. சிமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் புறப்பட விட்டால், ஈகாமில் ஒரு எச்சரிக்கையும் வராவிட்டால், திருத்தப் பதிப்புக்கு எழுதிப் போட வேண்டிய முதல் குறை அது.